கடல் கடந்த கங்கைச் செம்பு

தமிழ் இல்லங்கள் பலவற்றின் பூசை அறையில், குத்துவிளக்கின் பின்னால், கைக்கு அடக்கமான செம்பு ஒன்று இருக்கும். காசிக்குச் சென்று வந்த உறவினர் எவரேனும் கொடுத்ததாக இருக்கும். அதன் வாய் ஈயத்தால் பற்றவைத்து மூடப்பட்டிருக்கும். உள்ளே கங்கை நீர். வெள்ளிதோறும் அதற்கும் சந்தனமும் குங்குமமும் இடுவார்களே தவிர, எவரும் அதைத் திறப்பதில்லை. வீட்டில் ஓர் உயிர் பிரியும் வேளையில் அந்த ஈயத்தைப் பெயர்த்து, ஒரு துளி நீரை வாயில் விடுவதற்காகவே அது காத்திருக்கும்.

கும்பகோணத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் முப்பது ஆண்டுகளாகக் காத்திருந்த அத்தகைய செம்பு ஒன்று, தனக்கு உரிய வேளையைத் தவறவிட்டது. அவ்வீட்டுப் பெரியவருக்கு நள்ளிரவில் நெஞ்சு வலி கண்டது. வாடகைக் கார் வந்ததும், அவரைத் தாங்கிப் பிடித்து ஏற்றியதும், மருத்துவமனையை அடையும் முன்பே அவர் மூச்சு அடங்கியதும் அரை மணி நேரத்துக்குள் நடந்தேறிவிட்டன. மூத்த மகன் அப்போது மொரீஷியஸ் தீவில் இருந்தார். இரண்டு விமானங்கள் மாறி அவர் ஊர் வந்து சேர்வதற்குள் தம்பி கொள்ளி வைத்து, சாம்பலும் ஆறியிருந்தது.

மூத்தவர் மனத்தில் தைத்த முள் அது ஒன்று மட்டும் அன்று. ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியரான தந்தை, வாழ்நாளில் பிள்ளைகளிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். காசியைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். "அடுத்த விடுமுறையில் நானே அழைத்துப் போகிறேன் அப்பா" என்று மகன் சொன்னார். அடுத்த ஆண்டும் அதையே சொன்னார். இப்படி ஏழு விடுமுறைகள் சென்றன. தந்தை அதை இரண்டாம் முறை கேட்டதே இல்லை. மகனே நினைவு வந்தபோதெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

தலைத்திவசம் முடிந்து இரண்டு மாதம் கழித்துத் தாயார் மகனிடம் வந்து சேர்ந்தார். பெட்டியில் இரண்டு நூல் புடவைகளுக்கு நடுவே சுற்றி வைத்திருந்தது அந்தக் கங்கைச் செம்பு. அதைப் பூசை அலமாரியில் வைத்தாரே அன்றி, ஏன் கொண்டு வந்தார் என்பதைச் சொல்லவில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் மகனுக்கு முகம் வாடும். வார்த்தையில் சொல்லாத குறையைத் தாயார் செம்பாகக் கொண்டுவந்து வைத்திருக்கிறார் என்றே அவர் எண்ணினார்.

பள்ளிகளுக்குக் குளிர்கால விடுமுறை விட்டிருந்த சமயம். இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் இருக்கும் அத்தீவில் ஆடி மாதம் குளிர்காலம். குழந்தைகளுக்குத் தீவின் தென்மேற்கைச் சுற்றிக் காட்டுவதென்று முடிவாயிற்று. மகன் கணக்கு எழுதும் தொழிலில் இருப்பவர். பயணத்துக்கும் நேரம் குறித்துப் பட்டியல் எழுதினார். காலையில் மேற்குக் கடற்கரை வழியாகச் சென்று சாமரெல் அருவி, ஏழு வண்ண மண். நண்பகலில் தேசியப் பூங்கா. பிறகு அலெக்ஸாண்ட்ரா அருவி. மாலை நான்கு மணிக்குக் கங்கா தலாவ் என்னும் எரிமலை ஏரி. திரும்பும் வழியில் குரேபிப் ஊரின் எரிமலைப் பள்ளம். பட்டியல் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டப்பட்டது.

"அந்த ஏரியை இங்கே எல்லாரும் கங்கை என்றுதான் கும்பிடுகிறார்கள், அத்தை" என்றார் மருமகள்.

"பேர் வைத்தால் கங்கை ஆகிவிடுமா, அம்மா?" என்று கேட்டார் தாயார். கேலியாகக் கேட்கவில்லை. விடை தெரிய வேண்டும் என்றே கேட்டார்.

புறப்படுவதற்கு முந்தைய இரவு, "நாளைக்கு அமாவாசை" என்றார் மகனிடம்.

"அப்படியா அம்மா? பயணத்துக்கு நல்ல நாள்தான்" என்று சொல்லிவிட்டு, மகன் காரின் சக்கரங்களுக்குக் காற்று சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் போனார்.

காலையில் கார் கரும்புத் தோட்டங்களின் நடுவே சென்றது. தோட்டங்களுக்குள் ஆங்காங்கே கருங்கற்கள் ஆள் உயரத்துக்கும் மேலாகக் குவிந்து கிடந்தன. அவை என்ன என்று தாயார் வினவினார். தீவு முழுவதுமே கடலடியிலிருந்து எழுந்த எரிமலை. ஏறத்தாழ எண்பது லட்சம் ஆண்டுகளுக்கு முன் உமிழ்ந்த தீக்குழம்பு குளிர்ந்து கல்லானது. கரும்பு நட வேண்டுமானால் முதலில் அந்தக் கல்லைப் பொறுக்க வேண்டும். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்களும், 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறி வந்த இந்தியர்களும் வெறுங்கையால் பொறுக்கிக் குவித்த கற்கள் அவை. கல்கத்தா, சென்னை, பம்பாய் துறைமுகங்களிலிருந்து ஏறத்தாழ நான்கரை லட்சம் பேர் அவ்வாறு வந்தார்கள். பெரும்பாலோர் ஊர் திரும்பவில்லை. தமிழ்க் கைவினைஞர்களோ அதற்கும் ஒரு நூற்றாண்டு முன்பே, பிரெஞ்சுக்காரர் காலத்தில், புதுச்சேரியிலிருந்து வந்து துறைமுக நகரைக் கட்டியிருந்தார்கள்.

மருமகள் இவற்றைச் சொல்லி முடித்ததும், "இத்தனை கல்லையும் கையாலா?" என்று மட்டும் கேட்டார் தாயார். கார் அடுத்த குவியலைக் கடந்தபோது அவர் கை கூப்பியிருந்தது.

சாமரெலில் நுழைவுச் சீட்டு வாங்கியபோது பேரன் ஒரு ரூபாய்த் தாளைப் பாட்டியிடம் நீட்டினான். அதில் தமிழ் எழுத்து இருந்தது. அத்தீவின் பணத்தில் ஆங்கிலத்தோடும் நாகரி எழுத்தோடும் தமிழும் இடம் பெற்றிருக்கிறது. தாயார் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, எழுத்துக் கூட்டிப் படித்து மகிழ்ந்தார்.

அருவி எண்பது மீட்டருக்கும் மேலான உயரத்திலிருந்து, எரிமலைக் கல்லாலான செங்குத்துப் பாறையைத் தொடாமல் ஒரே வீழ்ச்சியாக விழுந்தது. அதற்கு அப்பால் ஏழு வண்ண மண்மேடுகள். புல்லும் முளைக்காமல், சிவப்பும் பழுப்பும் ஊதாவும் நீலமுமாக அலையலையாகக் கிடந்தன. கருங்கல் காலப்போக்கில் மக்கிக் களிமண்ணாகி, மழை கரைத்தவை எல்லாம் கரைந்து போக, எஞ்சிய இரும்பும் அலுமினியமும் தந்த நிறங்கள் அவை. "திருநீறு குங்குமம் எல்லாம் தட்டில் கொட்டி வைத்தாற்போல இருக்கிறது" என்றார் தாயார். குழந்தைகள் கை கொட்டிச் சிரித்தார்கள். காலைச் சிற்றுண்டியை அவர் தொடவில்லை என்பதை அப்போது எவரும் கவனிக்கவில்லை.

நண்பகலில் கறுப்பு ஆற்றுப் பள்ளத்தாக்குத் தேசியப் பூங்காவின் காட்சி மேட்டை அடைந்தார்கள். 1994-இல் அமைந்த அப்பூங்கா அந்நாட்டின் முதல் தேசியப் பூங்கா. பரப்பு 6,500 எக்டேருக்குச் சற்று மேல். மனிதர் வருவதற்கு முன் தீவை மூடியிருந்த காட்டில் எஞ்சியதன் பெரும்பகுதி அதற்குள்தான் இருக்கிறது. பள்ளத்தாக்கின் மறுபக்கம் வெண்கோடாக ஓர் அருவி, அதற்கப்பால் கடல். பாதை ஓரத்தில் சீனக் கொய்யா சிவந்து பழுத்திருந்தது. பிற நாட்டிலிருந்து வந்த அச்செடி காட்டை நெருக்குவதால் அதைப் பறிப்பதற்குத் தடையில்லை. உப்பும் மிளகாயும் தொட்டு உண்பது அவ்வூர் வழக்கம்.

பேத்தி தான் பள்ளியில் படித்ததைச் சொன்னாள். "பாட்டி, இந்தத் தீவிலே ஒரு சின்ன வல்லூறு இருக்கு. 1974-லே நாலே நாலுதான் காட்டிலே இருந்துதாம். முட்டையை எடுத்து வந்து, குஞ்சு பொரிக்க வைத்து, வளர்த்துக் காட்டில் விட்டு, இப்போ நூற்றுக்கணக்கிலே பெருகிடுச்சு. இளஞ்சிவப்புப் புறாவும் அப்படித்தான். ஆனா டோடோப் பறவையை யாரும் காப்பாத்தலே. அது போயே போயிடுச்சு."

"யாராவது ஒருவர் நேரத்தோடு நினைத்திருந்தால் அதுவும் இருந்திருக்கும்" என்றார் தாயார்.

மர நிழலில் விரிப்பைப் போட்டு மருமகள் புளியோதரைப் பாத்திரத்தைத் திறந்தார். எல்லாருக்கும் பரிமாறினார். தாயார் தம் தட்டை எடுக்கவில்லை.

"பாட்டி, நீங்க ஏன் காலையிலேருந்து சாப்பிடலே?" என்று பேரன் கேட்டான்.

"இன்றைக்கு ஆடி அமாவாசை, கண்ணு. தாத்தாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்த பிறகுதான் பாட்டி சாப்பிடுவேன்."

"யார் இறைப்பாங்க?"

"அப்பாதான். அவருக்கு நேரம் கிடைக்கும்போது."

அவர் குரலில் சினம் இல்லை. கடுமை இருந்திருந்தால் மகன் ஏதேனும் மறுமொழி சொல்லியிருப்பார். கையில் எடுத்த உருண்டை வாய்க்குப் போகாமல் நின்றது. ஏற்கெனவே இரண்டு கவளம் உண்டாகிவிட்டது. நாளைக்கு அமாவாசை என்று தாயார் நேற்றிரவு சொன்னதும், தாம் காற்று பார்க்கப் போனதும் அப்போதுதான் அவர் நெஞ்சில் ஏறின. பட்டியலில் ஏரிக்கு மாலை நான்கு மணி குறித்தவர் அவரே. தந்தைக்குச் சொன்ன 'அடுத்த விடுமுறை'யும், தாயாருக்குக் குறித்த 'மாலை நான்கு மணி'யும் ஒரே கையால் எழுதப்பட்டவை என்பதை அவர் கண்டார்.

ஒன்றும் பேசாமல் கையைக் கழுவினார். பாத்திரங்கள் மூடப்பட்டன. சிறிது தொலைவில் அலெக்ஸாண்ட்ரா அருவிக்குத் திரும்பும் பலகை தெரிந்தது. கார் திரும்பவில்லை. "அருவி! அருவி!" என்று பேரன் கூவினான். "அருவி எங்கேயும் போகாது" என்று அவனை அடக்கினார் மருமகள்.

ஏரியை நெருங்க நெருங்கப் பனி மூட்டம் இறங்கியது. 2007-இல் நிறுவப்பட்ட 108 அடி உயரச் சிவபெருமானின் திருவுருவம் சாலையோரம் எழுந்து நிற்கிறது. அன்று இடுப்புக்கு மேலே ஒன்றும் புலப்படவில்லை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,800 அடி உயரத்தில், அவிந்துபோன எரிமலை வாயில் நீர் நிறைந்து உண்டான ஏரி அது. எதிர்க்கரை மூட்டத்தில் மறைந்திருந்தது. படித்துறையில் மணியோசையும், மரக்கிளைகளில் குரங்குகளின் சலசலப்பும் கேட்டன. கரையை ஒட்டிச் சிவலிங்கங்களும் அகல் விளக்குகளும் இருந்தன.

அந்த ஏரிக்கு ஒரு வரலாறு உண்டு. 1897-இல் தீவின் வடபகுதியில் இருக்கும் திரியோலே என்னும் ஊரைச் சேர்ந்த பூசகர் ஒருவர், தெற்கே மலைமேல் உள்ள ஏரி நீர் கங்கையிலிருந்து ஊறுவதாகக் கனவு கண்டார். மறு ஆண்டு அவ்வூரார் காட்டு வழியே கால்நடையாக வந்து, ஏரி நீரை எடுத்துச் சென்று சிவராத்திரியன்று சிவனுக்கு அபிடேகம் செய்தார்கள். கரும்புக் காட்டில் கல் பொறுக்கிய மக்கள் அவர்கள். இனிக் கங்கையைக் காணப்போவதில்லை என்று அறிந்தவர்கள். அன்று தொடங்கிய நடை இன்றும் நிற்கவில்லை. மகா சிவராத்திரியை ஒட்டி லட்சக்கணக்கானோர் வெண்ணிற ஆடை உடுத்து, காவடி போன்ற காவர்களைத் தோளில் ஏந்தி, தீவின் எல்லா மூலைகளிலிருந்தும் நடந்து வருகிறார்கள். 1972-இல் இந்தியாவிலிருந்து கங்கை நீரைக் கொண்டுவந்து இந்த ஏரியில் கலந்தார்கள். அப்போதுதான் கங்கா தலாவ் என்னும் பெயர் நிலைத்தது. அப்பெயர் வருவதற்கு முன்பே முக்கால் நூற்றாண்டுக் காலம் மக்கள் இதைக் கங்கையாக எண்ணி நடந்திருக்கிறார்கள்.

படித்துறையில் மருமகள் இதைச் சொன்னபோது தாயார் நெடுநேரம் நீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தோள்பையைத் திறந்து ஒரு பொட்டலம் எள்ளை எடுத்தார். அதன் அடியிலிருந்து கங்கைச் செம்பையும் எடுத்தார்.

"அம்மா, நான் சாப்பிட்டுவிட்டேனே!" என்றார் மகன்.

"தெரியாமல் செய்ததுதானே. பிள்ளை பசியோடு நின்றால்தான் உன் அப்பாவுக்குப் பொறுக்காது. இறங்கி, தலையில் தண்ணீரைத் தெளித்துக்கொள்."

நீர் பனிக்கட்டி போலக் குளிர்ந்தது. கடைசிப் படியில் நின்று மகன் எள்ளைக் கையில் வாங்கினார். தந்தை பெயரைச் சொன்னார். பாட்டனார் பெயரைச் சொன்னார். கொள்ளுப் பாட்டனார் பெயர் நினைவில் வரவில்லை. மேற்படியிலிருந்து தாயார் அதை எடுத்துக் கொடுத்தார். மூன்று முறை எள்ளும் நீரும் விரலிடையே இறங்கின. சிறு மீன்கள் கூடி வந்து எள்ளைக் கொத்தின.

தாயார் செம்பை அவரிடம் நீட்டினார். "இதைத் திற."

முப்பது ஆண்டு இறுகிய ஈயம் கைக்கு அசையவில்லை. அருகில் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் இதைக் கண்டு, தம் கத்தியைக் கொண்டுவந்தார். நெற்றியில் திருநீறு, வாயில் கிரியோல் மொழி. "வணக்கம், அம்மா" என்றார். அதற்கு மேல் அவருக்குத் தமிழ் வரவில்லை. பேத்தி இடையில் நின்று மொழிபெயர்த்தாள். அவருடைய முன்னோர் சென்னையில் கப்பலேறியவர்கள். எந்த ஊரிலிருந்து என்பது குடும்பத்தில் எவருக்கும் தெரியாது. தைப்பூசத்துக்கு ஆண்டு தவறாமல் காவடி எடுக்கிறார். செம்பில் இருப்பது என்ன என்று கேட்டார். காசியின் கங்கை என்று பேத்தி சொன்னதும், அம்முதியவர் காலணியைக் கழற்றித் தள்ளி வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் குவித்து நீட்டினார்.

ஈயம் பெயர்ந்தது. தாயார் முதல் துளியை அவர் கையில்தான் விட்டார். அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பருகினார். ஒன்றும் பேசாமல் தம் இடத்துக்குத் திரும்பினார்.

பிறகு தாயார் மகன் அருகே படியில் இறங்கி நின்றார். "இதை உன் கையால் விடவேண்டும் என்றுதான் இவ்வளவு தூரம் கொண்டு வந்தேன். உன்னைக் குத்திக்காட்டக் கொண்டு வந்ததாக நினைத்துவிட்டாயா?"

மகன் தலை குனிந்தார்.

"அன்றைக்கு நான் அவர் பக்கத்தில்தான் இருந்தேன், அப்பா. பூசை அறைக்கும் வாசலுக்கும் இருபது அடி இருக்கும். முப்பது வருஷம் பொட்டு வைத்த செம்பு. அந்த நேரத்தில் எனக்கே நினைவு வரவில்லை. என் கைக்கே எட்டவில்லை. கடலுக்கு அப்பால் இருந்த உனக்கு எப்படி எட்டும்? இந்த ஒன்றரை வருஷமாக அதை யாரிடமும் சொல்ல முடியாமல் இருந்தேன்."

இருவர் கையும் செம்பைப் பற்றியிருக்க, நீர் ஏரியில் இறங்கியது. ஓர் ஆழாக்குக்கும் குறைவான நீர்தான். விழுந்த ஓசைகூடக் கேட்கவில்லை. மகன் வெகு நேரம் விம்மினார். தாயார் புடவைத் தலைப்பால் அவர் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பா காசியைப் பார்த்ததாக ஆகிவிடுமா அம்மா?" என்று கடைசியில் கேட்டார் மகன்.

"ஆகாது. அவர் பார்க்கவில்லை, அது பார்க்காததுதான். ஆனால் காசிக்குப் போக முடியாதவர்கள் கண்ணீர் விட்டுத் தேடிய இடம் இது. அவரும் அவர்களில் ஒருவர். இங்கே அவருக்கு இடம் இருக்கும்."

படித்துறையின் மேலே அமர்ந்து தாயார் புளியோதரை உண்டார். தேங்காய் உடைத்த முதியவருக்கும் ஓர் இலையில் கொடுத்தனுப்பினார்.

திரும்பும் வழியில் குரேபிப்பின் எரிமலைப் பள்ளத்தை அடைந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. சுற்றிலும் மரங்கள் செறிந்த வட்டப் பள்ளம். அடியில் சிறிதளவு நீர் மின்னியது. ஒரு காலத்தில் இதன் வாயிலிருந்தும் தீ எழுந்தது என்று பேத்தி சொன்னாள். "எரிந்த இடத்தில்தான் தண்ணீர் தங்கியிருக்கிறது" என்று தாயார் தமக்குள் சொல்லிக்கொண்டார்.

அன்றிரவு மருமகள் செம்பைப் புளியிட்டுத் துலக்கினார். ஏரியிலிருந்து புட்டியில் கொண்டுவந்த நீரை அதில் நிரப்பிப் பூசை அலமாரியில் வைத்தார். ஈயம் பற்றவைக்கும் ஆள் இங்கே எங்கே கிடைப்பார் என்று மகன் விசாரிக்கத் தொடங்கினார்.

"வேண்டாம்" என்றார் தாயார். "இதற்கு ஈயம் வைக்காதே. நாள் கிழமையில் எல்லாரும் ஒரு வாய் குடியுங்கள். தீர்ந்தால் நிரப்பிக்கொள்ளலாம், ஏரி பக்கத்தில்தானே இருக்கிறது."

குளிர்சாதனப் பெட்டியின் கதவிலிருந்த பட்டியலை மகன் அகற்றினார். அதன் பின்புறத்தில் காசி என்று எழுதி, அடுத்த விடுமுறை என்று எழுதாமல், தாயாரிடம் கேட்டு நாள் குறித்தார். கார்த்திகை மாதம் பயணம் என்று முடிவாயிற்று. விமானச் சீட்டை அன்றிரவே பதிவு செய்துவிட்டுத்தான் அவர் உறங்கப் போனார்.